சம்பளம், கடன், ஜகாத்: செயற்கை நுண்ணறிவிடம் கணக்குக் கேட்கும் நம் பிள்ளைகள்

படிப்பை முடித்து வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் பலருக்குச் சம்பளம் மாதத்தின் பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. கைபேசிக்குத் தவணை, கிரெடிட் கார்டு பில், வீட்டுக்கு அனுப்ப வேண்டிய தொகை, நண்பரிடம் வாங்கிய கைமாற்று என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன. இதை வாப்பாவிடம் சொல்ல வெட்கம். உறவினரிடம் சொன்னால் மானம் போய்விடும் என்ற பயம். அதனால் இரவில் தூக்கம் வராமல் கைபேசியை எடுத்து, 'எனக்கு இவ்வளவு சம்பளம், இவ்வளவு கடன், நான் என்ன செய்யட்டும்?' என்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார்கள்.

இது நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல முடியாது. சரியாகப் பயன்படுத்தினால் வரவு செலவு தெளிவாகும். தவறாகப் பயன்படுத்தினால் வட்டியிலும் மோசடியிலும் போய் விழ நேரும். எனவே பிள்ளைகள் இதை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள், எங்கே இது கைகொடுக்கும், எங்கே கைவிடும், குடும்பத்தாராகிய நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது எப்படி நம் வீட்டுக்குள் வந்தது?

ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியை 2022 நவம்பர் 30 அன்று வெளியிட்டது. அதன்பின் கூகுளின் ஜெமினி, மைக்ரோசாஃப்டின் கோபைலட் என்று பல வந்தன. 2024இல் மெட்டா ஏஐ நம் நாட்டு வாட்ஸ்அப்பிலேயே இடம்பிடித்தது. புதிதாக எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. தமிழில் தட்டச்சு செய்தாலும், பேசினாலும் பதில் வருகிறது. பணமும் கேட்பதில்லை. எந்த நேரமும் விழித்திருக்கிறது. 'ஏன் இப்படிச் செலவு செய்தாய்?' என்று திட்டுவதும் இல்லை. பிள்ளைகள் இதை நாடுவதற்கு இந்தக் கடைசிக் காரணம்தான் பெரிது என்று நாம் கருதுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. 2016இல் யுபிஐ வந்தபின் பணம் கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. பர்ஸில் நோட்டு குறைந்தால் மனம் உறுத்தும். டீக்கடையில் 20 ரூபாய், ஆட்டோவுக்கு 80 ரூபாய், இரவு பிரியாணிக்கு 250 ரூபாய் என்று ஸ்கேன் செய்துகொண்டே போனால் அந்த உறுத்தல் வருவதில்லை. மாதக் கடைசியில் வங்கி அறிக்கையைப் பார்த்தால் 200 வரிகள் இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்க ஒரு துணை தேவைப்படுகிறது.

எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள்?

பொதுவாக ஐந்து விதங்களைச் சொல்லலாம்.

1. செலவைப் பிரித்துப் பார்ப்பது. ஒரு மாதச் செலவுகளைக் கொடுத்து உணவு, போக்குவரத்து, வாடகை, தேவையற்றவை என்று தொகுக்கச் சொல்வது.

2. மாதத் திட்டம் போடுவது. சம்பளத்தைச் சொல்லி, வீட்டுக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்று கேட்பது.

3. கடனை அடைக்கும் வரிசையைக் கேட்பது. எதை முதலில் கட்டுவது, எத்தனை மாதத்தில் முடியும் என்று கணக்கிடச் சொல்வது.

4. புரியாத காகிதங்களைப் புரிந்துகொள்வது. கடன் ஒப்பந்தம், காப்பீட்டு நிபந்தனை, சம்பளச் சீட்டு ஆகியவற்றில் உள்ள கடினமான ஆங்கிலத்தை எளிய தமிழில் விளக்கச் சொல்வது.

5. மனக்கவலையைக் கொட்டுவது. கணக்கில் தொடங்கும் பேச்சு, 'எனக்கு வாழ்வே வெறுத்துவிட்டது' என்பது வரை போய்விடுவதும் உண்டு.

இவற்றில் முதல் நான்கிலும் பயன் இருக்கிறது. குறிப்பாக நான்காவது நம் குடும்பங்களுக்கு மிகவும் தேவையானது. பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்பந்தத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர்.

வட்டியின் உண்மை முகத்தைக் காட்டும் கருவி

வட்டி ஹராம் என்பது நம் வீட்டில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இன்றைய கடன்களில் வட்டி வட்டி என்ற பெயரோடு வருவதில்லை. செயல்முறைக் கட்டணம், சேவைக் கட்டணம், தாமதக் கட்டணம், 'எளிய தவணை' என்ற பெயர்களில் வருகிறது. அந்தப் போர்வையை விலக்கிப் பார்க்கச் செயற்கை நுண்ணறிவு உதவும்.

ஓர் உதாரணம். 1,00,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 12 சதவீதம், 2 ஆண்டு தவணை என்று ஒருவர் சொல்கிறார். மொத்த வட்டி 24,000. மாதத் தவணை சுமார் 5,167 ரூபாய். கேட்பதற்கு 12 சதவீதம்தான். ஆனால் ஒவ்வொரு மாதமும் அசலைக் கட்டிக்கொண்டே வருகிறோம், வட்டியோ முழு ஒரு லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 21.6 சதவீதம்.

கடன் செயலிகளின் கணக்கு இதைவிட மோசம். 5,000 ரூபாய் கடன் என்று சொல்லி, 1,500 ரூபாயைக் கட்டணமாகப் பிடித்துக்கொண்டு, 3,500 ரூபாயைக் கையில் கொடுக்கிறார்கள். ஏழு நாளில் 5,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றால், ஒரே வாரத்தில் கைக்கு வந்த பணத்தில் 43 சதவீதம் கூடுதலாகப் போகிறது. இதை எழுதிக் காட்டினால் எந்தப் பிள்ளையும் ஒரு நிமிடம் யோசிக்கும்.

ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் 2022 செப்டம்பரில் வந்தன. 2025இல் அவை ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. அவற்றின்படி, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் கடன் கொடுக்கும் முன்பே முக்கிய விவர அறிக்கையில் காட்ட வேண்டும். கடன் தொகை வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வர வேண்டும். கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி எடுக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்றை மீறினாலும் அந்தச் செயலியை விட்டு விலகிவிட வேண்டும். 'தொடர்பு எண்களுக்கு அனுமதி கொடு' என்று கேட்கும் கடன் செயலி, நாளை நம் உறவினருக்கெல்லாம் போன் செய்து மிரட்டுவதற்காகவே கேட்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

கடனை அடைக்கும் வரிசை: ஒரு மாதிரிக் கணக்கு

சென்னையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞருக்கு மாதச் சம்பளம் 28,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகை 6,500, சாப்பாடு 6,000, போக்குவரத்து 2,500, கைபேசி 500, வீட்டுக்கு 6,000. மொத்தம் 21,500. மீதி 6,500 ரூபாய்.

அவருடைய கடன்கள் நான்கு. கிரெடிட் கார்டில் 40,000, மாதம் 3.5 சதவீத வட்டி. கைபேசித் தவணை மாதம் 2,250, இன்னும் 8 மாதம். வங்கியில் நகைக் கடன் 60,000, ஆண்டுக்கு 9 சதவீதம். நண்பரிடம் வட்டியில்லாமல் வாங்கியது 25,000.

இதைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் முதலில் கார்டைக் காட்டும். அது சரிதான். 40,000 ரூபாய்க்கு மாத வட்டி 1,400. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252. ஆக 1,652 ரூபாய். 'குறைந்தபட்சத் தொகை 2,000 கட்டினால் போதும்' என்று வங்கி சொல்லும். அதை மட்டும் கட்டினால் அசலில் குறைவது வெறும் 348 ரூபாய். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். எனவே கார்டை உடனே பயன்படுத்தாமல் நிறுத்த வேண்டும்.

மீதியுள்ள 6,500 ரூபாயில் கைபேசித் தவணை 2,250, நகைக் கடன் வட்டி 450 போக 3,800 இருக்கிறது. அதை முழுவதும் கார்டுக்குக் கட்டி, எட்டு மாதத்துக்குப் பின் விடுபடும் தவணைப் பணத்தையும் அதில் சேர்த்தால், சுமார் 12 மாதத்தில் கார்டு முடிந்துவிடும். அதற்குள் வட்டியாகவும் வரியாகவும் சுமார் 12,500 ரூபாய் போயிருக்கும்.

அந்த இளைஞர் வீட்டில் உண்மையைச் சொல்லி, அண்ணனோ மாமாவோ 40,000 ரூபாயை அழகிய கடனாகக் கொடுத்துக் கார்டை மூடிவிட்டால் என்ன ஆகும்? அதே மாதத் தொகையைக் கட்டி 10 மாதத்தில் அண்ணனுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 12,500 ரூபாய் வீட்டிலேயே தங்கும். வட்டியிலிருந்தும் விடுதலை. அந்தப் பணம், பிள்ளை வீட்டில் வாய் திறக்காததற்குக் கொடுக்கும் விலை.

இந்த வழியைக் கருவி தானாகச் சொல்லும் என்று நம்ப முடியாது. 'குறைந்த வட்டியில் தனிநபர் கடன் வாங்கிக் கார்டை அடையுங்கள்', 'பாக்கியை வேறு கார்டுக்கு மாற்றுங்கள்' என்பவை அதனிடம் சாதாரணமாக வரும் பதில்கள். அதன் கணக்கில் குறைந்த வட்டி நல்ல வட்டி. நம் மார்க்கத்தில் அப்படி ஒன்று கிடையாது.

நண்பரின் கடன் கடைசியா?

மேலே சொன்ன கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடைப்பது என்ற முறைப்படி, நண்பர் கொடுத்த 25,000 ரூபாய் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். வட்டியில்லாத கடனைத் தாமதித்தால் நஷ்டமில்லை என்று கருவி கணக்குப் போடுகிறது.

நஷ்டம் இருக்கிறது, நமக்கு இல்லை, கொடுத்தவருக்கு. அவர் தங்கையின் படிப்புக் கட்டணத்துக்காகச் சேர்த்து வைத்ததை எடுத்துக் கொடுத்திருக்கலாம். வட்டி வாங்காமல் கொடுத்தவரைக் கடைசியில் நிறுத்தி, வட்டிக்காரனுக்கு முதலில் கட்டினால், நாளை வட்டியில்லாமல் கொடுக்க நம் சமுதாயத்தில் யார் முன்வருவார்? கைமாற்றுக் கொடுத்து ஏமாந்தவர்கள் பெருகியதால்தான் பலர் இன்று வட்டிக் கடையை நாடிப் போகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

எனவே அந்த நண்பரிடம் நேரில் போய், 'இந்த மாதத்திலிருந்து 500 தருகிறேன், கார்டு முடிந்ததும் மாதம் 5,000 தருகிறேன்' என்று நிலைமையைச் சொல்ல வேண்டும். அந்த 500ஐச் சாப்பாட்டுச் செலவிலோ வெளியே சுற்றும் செலவிலோ குறைத்து எடுக்கலாம். தவணை சொல்லிவிட்டு முகத்தை மறைப்பதுதான் நட்பை முறிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் கடன் சுமையிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியதையும், கடன்பட்டவர் பேச்சில் பொய்யும் வாக்குறுதியில் மீறலும் வந்துவிடும் என்று அதற்குக் காரணம் கூறியதையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். கடன் முதலில் கெடுப்பது நாவைத்தான்.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. கடன் எழுத்து எப்படி இருக்க வேண்டும், யார் யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று ஒரு மாதிரி வரைந்து தரச் சொன்னால் செயற்கை நுண்ணறிவு நொடியில் தந்துவிடும். அதைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, சாட்சியும் வைத்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் அண்ணன் தம்பிக்கு இடையே கடன் எழுதினால் நம்பிக்கைக் குறைவு என்று நினைக்கிறோம். எழுதாததால் வந்த சண்டைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஜகாத் கணக்கில் எங்கே தவறும்?

ரமளான் நெருங்கினால் ஜகாத் கணக்கையும் இதனிடமே கேட்கிறார்கள். கூட்டல் கழித்தலுக்கு இது போதும். ஆனால் அதற்கு முன் முடிவு செய்ய வேண்டிய மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, நிஸாப். தங்கத்துக்கு 20 மிஸ்கால், வெள்ளிக்கு 200 திர்ஹம். இன்றைய எடையில் தங்கம் 85 கிராம் என்றும் 87.48 கிராம் என்றும், வெள்ளி 595 கிராம் என்றும் 612.36 கிராம் என்றும் இரு கணக்குகள் வழக்கில் உள்ளன. ரொக்கத்துக்குத் தங்கத்தை அளவாகக் கொள்வதா, வெள்ளியை அளவாகக் கொள்வதா என்பதில் தொகை பெரிதும் மாறும்.

இரண்டாவது, அணியும் நகை. ஹனஃபி மத்ஹபில் பெண்கள் அணியும் தங்க நகைக்கும் ஜகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் வழக்கமான அளவில் அணியும் நகைக்கு இல்லை. நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்மாவட்டங்களில் ஹனஃபிகளும் அதிகம். மத்ஹப் சாராமல் ஆதாரங்களைப் பார்த்து முடிவு செய்பவர்களும் இருக்கிறார்கள். கேட்பவர் யார் என்று தெரியாமல் கருவி ஏதோ ஒன்றைப் பொதுச் சட்டம்போலச் சொல்லிவிடும்.

மூன்றாவது, கடனைக் கழிப்பது. கையில் இருப்பதிலிருந்து கடனைக் கழித்து மிச்சத்துக்கே ஜகாத் என்பது ஹனஃபி நிலைப்பாடு. கடன் இருப்பது ஜகாத்தைத் தடுக்காது என்பது ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து.

இவற்றைப் பழக்கமான ஆலிமிடம் கேட்டு முடிவு செய்துவிட்டு, அதன்பின் இரண்டரை சதவீதக் கணக்கை மட்டும் கருவியிடம் விடுங்கள். தங்கம், வெள்ளி விலையை அன்றைய நகைக்கடை விலைப்பலகையிலிருந்து எடுத்துக் கொடுங்கள். அது பழைய விலையைச் சொல்லக்கூடும். இந்தக் கருவிகள் இல்லாத ஹதீஸையும் தவறான எண்ணையும் உறுதியான நடையில் எழுதித் தருவதுண்டு. எனவே மார்க்கத் தீர்ப்பை இதிலிருந்து எடுக்க வேண்டாம்.

இது ஏன் தவறுகிறது?

இந்தக் கருவிகளின் அடிப்படை வேலை, அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்து எழுதுவது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகியதால் பதில் நன்றாக அமைகிறது. ஆனால் தெரியாததையும் தெரிந்த குரலிலேயே சொல்லும். பெரிய கணக்குகளில் எண் பிசகும். எனவே பணம் தொடர்பான எந்தக் கூட்டலையும் கால்குலேட்டரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது குறை, ஆமோதிக்கும் குணம். நாம் ஆசைப்படுவதையே திருப்பிச் சொல்லும். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பு, பயனரை அளவுக்கு மீறிப் புகழ்ந்து ஆமோதிக்கிறது என்பதால் ஓப்பன்ஏஐ நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. 'பைக் வாங்கினால் வேலைக்குப் போக வசதியாக இருக்கும் அல்லவா?' என்று கேட்டால் ஆமாம் என்று தலையாட்டும். 'பைக் வாங்குவதற்கு எதிரான காரணங்களை மட்டும் சொல்' என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அது கேள்வியில் உள்ளதை மட்டுமே அறியும். தங்கையின் நிக்காஹ் அடுத்த ஆண்டு என்பதும், உம்மாவின் மருந்துச் செலவும், வாப்பா வளைகுடாவிலிருந்து திரும்பி வரப்போவதும் நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும். ஆகவே கேள்வியை இப்படி அமைக்கலாம்:

'என் மாதச் சம்பளம் இவ்வளவு. கட்டாயச் செலவுகள் இவை. கடன்கள் இவை. நான் முஸ்லிம். வட்டிக்குப் புதுக் கடன் வாங்கும் ஆலோசனை வேண்டாம். வட்டி வரும் சேமிப்பும் வேண்டாம். பங்குச் சந்தை ஊகமும் வேண்டாம். இருக்கும் வருமானத்தில் கடனை அடைக்கும் மாத அட்டவணை கொடு. நான் சொல்லாமல் விட்ட செலவு எதுவும் இருந்தால் முதலில் என்னிடம் கேள்.'

கடைசி வரி முக்கியமானது. அதைச் சேர்த்தால் மருத்துவம், பெருநாள், ஊருக்குப் போய்வரும் செலவு என்று மறந்தவற்றை நினைவூட்டும்.

சீக்கிரம் சம்பாதிக்கும் வழி

கடனில் இருப்பவர் அடுத்துக் கேட்பது, 'சீக்கிரம் எப்படிப் பணம் சேர்ப்பது?' என்பதுதான். அங்கேதான் குழி இருக்கிறது. பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ வணிகத்தைப் பற்றிச் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். அவர்களின் மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 'ஏஐ தானே வர்த்தகம் செய்து தினமும் லாபம் தரும்' என்று டெலிகிராமில் அழைப்பவர்களை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

பணம் கட்டி ஆடும் இணைய ரம்மி போன்ற விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடை செய்துவிட்டது. சூதாட்டம் ஹராம் என்ற ஒன்றே நமக்குப் போதும். ஆனாலும் வேறு பெயர்களில் அழைப்பு வந்துகொண்டேதான் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு மோசடிக்காரர்களின் கையிலும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி ஆளுநர் முதலீட்டுத் திட்டத்தைப் பரிந்துரைப்பதுபோலப் போலிக் காணொளிகள் உலவியதால், அவை பொய் என்று அந்த வங்கி 2024 நவம்பரில் எச்சரிக்கை விட வேண்டிவந்தது. குரலையும் இப்படிப் போலியாக உருவாக்க முடியும். 'வாப்பா, அவசரமாகப் பணம் அனுப்புங்கள்' என்று பிள்ளையின் குரலிலேயே அழைப்பு வந்தாலும், துண்டித்துவிட்டு அவருடைய வழக்கமான எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்க வேண்டும்.

எதையெல்லாம் எழுதக் கூடாது?

கணக்குக் கேட்பதற்கு நம் பெயரோ எண்களோ தேவையில்லை. ஆதார், பான், வங்கிக் கணக்கு எண், கார்டு எண், கடவுச்சொல், ஓடிபி ஆகியவற்றை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். வங்கி அறிக்கையை அப்படியே படமெடுத்து ஏற்றுவதற்குப் பதிலாகத் தொகைகளை மட்டும் தட்டச்சு செய்யுங்கள். கடன் கொடுத்தவரின் பெயருக்குப் பதில் 'நண்பர் 1' என்று போதும். அடுத்தவரின் நிலைமையும் அமானிதம்தான். சாட்ஜிபிடி போன்றவற்றின் அமைப்புகளில், நம் உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அணைத்து வைக்கும் வசதி இருக்கிறது. அதை அணைத்துவிடுவது நல்லது.

கவலை கணக்கைத் தாண்டும்போது

பணக் கவலையை எழுதிப் பார்ப்பது மனதுக்கு ஓரளவு இலேசாக இருக்கும். கலங்கிக் கிடந்தது பட்டியலாக மாறும்போது பயமும் குறையும். அதுவரை சரி. ஆனால் தூக்கமின்மை, சாப்பிடாமல் இருப்பது, யாரோடும் பேசாமல் ஒதுங்குவது, போன் மணி அடித்தாலே நடுங்குவது, 'நான் இல்லாவிட்டால் கடன் தீர்ந்துவிடும்' என்று பேசுவது ஆகியவை தெரிந்தால், அது திரையோடு விட்டுவிடும் விஷயமே இல்லை. அன்றைக்கே ஒருவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழிலும், இரவு பகல் எந்நேரமும் பேசலாம். சென்னையில் உள்ள சினேகா அமைப்பின் எண் 044 24640050. மருத்துவரிடம் போவது ஈமானில் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கடன் வசூலிப்பவர் மிரட்டினால் சட்டம் துணை நிற்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கடன் நிறுவனங்களின் அடாவடி வசூலைத் தடுக்க 2025இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. இணையவழி மோசடியில் பணம் போனால் உடனே 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும். வங்கிமீது புகார் இருந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கொடுக்கலாம். அது தொடர்பான விவரங்களுக்கு 14448.

பெற்றோரும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியவை

பிள்ளை கருவியிடம் போவதற்குக் காரணம் நம்மிடம் வர முடியாததுதான் என்றால், திருத்த வேண்டியது நம் பக்கமும் இருக்கிறது. கடன் என்று சொன்ன மறுநொடியே 'உன்னைப் படிக்க வைத்ததற்கு இதுதான் பலனா?' என்று கேட்டால் இரண்டாம் கடனை அவர் சொல்லமாட்டார். முதலில் முழுத் தொகையும் வெளியே வரட்டும். உபதேசத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாதம் ஒருநாள் குடும்பத்தின் வரவு செலவை எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். வாப்பாவின் கடனும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும். வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்று மகனிடம் கேட்டுவிட்டு எதிர்பாருங்கள். வேலைக்குப் போகும் மகளிடமும் அப்படியே. நிக்காஹ் விருந்தையும் வீட்டையும் ஊருக்குக் காட்டுவதற்காகப் பெரிதாக்கிவிட்டு, அந்தச் சுமையை 25 வயதுப் பிள்ளையின் கார்டில் ஏற்றி வைக்காதீர்கள்.

பைத்துல்மால் இயங்கும் ஊர்களில், சிறு தொகைகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கும் ஏற்பாட்டை இளைஞர்களுக்கும் திறந்துவிடலாம். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடன்பட்டவர்களும் அடங்குவர் (9:60). கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கவும், முடிந்தால் விட்டுக்கொடுக்கவும் திருக்குர்ஆன் வழிகாட்டுகிறது (2:280). மாதம் ஒருமுறை ஜும்ஆவுக்குப் பின், கணக்குத் தெரிந்த ஒருவரும் ஓர் ஆலிமும் பள்ளியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இளைஞர்களின் கடன் தாள்களைத் தனித்தனியாகப் பார்த்துக் கொடுத்தாலே பெரிய உதவி. பேச்சு வெளியே போகாது என்ற நம்பிக்கை மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், அப்படி ஓர் இடம் ஊரில் இருந்தால், பிள்ளைகள் கருவி கொடுத்த அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மிடமே வருவார்கள்.